தெருவில் நின்ற டொரானா

என் தம்பி லின்சே பெங்கெலியால் ஒரு கோப்பை தேநீரை உட்கார்ந்து குடித்து முடிக்க முடியாது. பாதியில் எழுந்துவிடுவான். குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பான், கதவின் கீலை ஆட்டிப் பார்ப்பான், வெளியே போய் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வருவான். எங்கள் ஊர் கடீனாவில் யார் வீட்டு ஜன்னல் மேடையிலாவது பாதித் தேநீர் ஆறிக் கிடந்தால் லின்சே வந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது அவன் முழங்கால் ஆட, அதனால் பெஞ்சு ஆட, அந்த வரிசையே தலையாட்டிக் கேட்பதுபோல் இருக்கும். பாதிரியார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

வல்லரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் அவனுக்குப் பராமரிப்பு வேலை. எந்நேரமும் ஏதாவது ஒரு பெல்ட் அறுந்துகொண்டே இருக்கும் இடம், அவனுக்கு வாகாகத்தான் இருந்தது. அவன் அசையாமல் நின்று நான் பார்த்தது ஒரே இடத்தில்தான்: அவனுடைய மஞ்சள் ஹோல்டன் டொரானா காரின் முன்னால். வி-எட்டு என்ஜின், சரிந்த பின்கதவு, கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. மார்லீன் அவனைக் கட்டிக்கொண்டபோது அந்த வண்டியையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டாள் என்று நான் சொல்வேன். அவள் மறுத்ததில்லை.

எங்கள் ஊரில் ஒன்று ஹோல்டன் கட்சி, இல்லாவிட்டால் ஃபோர்டு கட்சி. அக்டோபர் கார்ப் பந்தயத்தை டிவியில் காட்டும் அன்று ஒரே சோபாவில் இரண்டு கட்சியும் உட்காராது. நான் டொயோட்டா ஓட்டுகிறேன், அதனால் என்னை யாரும் மனுஷியாகவே கணக்கில் எடுப்பதில்லை. லின்சேயின் வெறி இவர்கள் எல்லாரையும் விட ஒரு படி மேலே. வாசல் கேட்டில் சிவப்புப் பெயின்டில் பலகை எழுதி மாட்டியிருந்தான்: ‘ஃபோர்டு வண்டிகள் தெருவிலேயே நிற்கட்டும்.’

விளையாட்டாக மாட்டியதுதான். ஆனால் அதை அவன் சட்டமாகவே நடத்தினான். டாக்டர் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். குழாய் வேலைக்காரர் பெட்டியைத் தோளில் சுமந்து வருவார். எங்கள் அம்மா இறந்தபோது வந்த அமரர் ஊர்தி ஃபோர்டாகப் போய்விட்டது. அதையும் உள்ளே விடவில்லை. அண்ணன் தம்பிகளாகச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரை நடந்தார்கள். ஊரே சிரித்தது. அம்மா இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்றார்கள். நான் சிரிக்கவில்லை.

அவனுக்கு ஒரே மகன், கிம். அப்பனைப் போலவே கை துறுதுறு. எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் கார் வாங்கினான். வாங்கியது என்ன? ஃபோர்டு ஃபால்கன். ஆறு சிலிண்டர், டர்போ. ஊர்ப் பையன்கள் ‘பாரா’ என்று வாய் நிறையச் சொல்கிற அந்த என்ஜின். தூறலில் ஓட்டி வந்து கேட்டுக்கு வெளியில் நிறுத்தி ஹாரன் அடித்தான். நான் பக்கத்து வீடு, வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

“ஃபோர்டுல ஏறினா எனக்கு வயித்தைப் பிரட்டும். அங்கேயே தெருவுல விடு.”

“சொந்தப் பிள்ளைக்குமா சட்டம்?”

“பிள்ளை உள்ள வரலாம். வண்டிதான் வரக்கூடாது.”

இருவரும் சிரித்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும், அன்று இருவருமே சிரித்தார்கள். கிம் மாதக்கணக்காக அந்த வண்டியைத் தெருவில்தான் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கொட்டகைக்குக் கொண்டுவந்து ஏதாவது நோண்டுவான். என்ஜினின் மேல்மூடியை நீலப் பெயின்டால் அவனே அடித்தான். மலிவான பிரஷ்; அதன் முடி ஒன்று பெயின்டோடு ஒட்டிக் காய்ந்துவிட்டது. “அழகுக்கு மச்சம் அத்தை” என்றான்.

அறுவடை வந்தது. தானிய லாரிகள் இரட்டை டிரெய்லரோடு எங்கள் முனையில் திரும்பித்தான் வல்லரூ போகும். ஒரு மத்தியானம், திரும்பின லாரி ஒன்றின் பின் டிரெய்லர் கிம்மின் வண்டியை வால்பக்கத்திலிருந்து நசுக்கியது. பின்பாதி அப்பளம். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. அடியிலுள்ள இரும்புச் சட்டமே வளைந்துவிட்டதால் அந்த வண்டி இனி சாலை ஏறாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. கிம் வேலையிலிருந்து ஓடி வந்து தெருவில் நின்றான். முகத்தில் ரத்தமில்லை.

லின்சே கிடங்கிலிருந்து வந்து இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு, அவனுடைய ஹோல்டன் கிளப் ஆட்கள் எங்கே ஃபோர்டு நின்று போயிருந்தாலும் சொல்கிற வழக்கமான வார்த்தையைச் சொன்னான்.

“சரி விடு. நாட்டுல ஒரு ஃபோர்டு குறைஞ்சது.”

கிம் அவனையே பார்த்தான். “ஆமாப்பா. ஒண்ணு குறைஞ்சது” என்றான். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். மார்லீன் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தாள், நிற்கவில்லை. மேற்கே பில்பரா சுரங்கத்துக்குப் போய்விட்டான்.

விளையாட்டு வினையாயிற்று என்பார்களே, அதுதான். எனக்கு வந்த கோபத்தில் லின்சேயோடு குளிர்காலம் முடியும் வரை பேசவில்லை. நசுங்கின வண்டியை என் கொட்டகைக்கு இழுத்துப் போடச் சொன்னேன். கிம் அம்மாவோடும் என்னோடும் போனில் பேசுவான். அப்பனைப் பற்றிக் கேட்கமாட்டான். மார்லீன் பேசும்போது லின்சே ஜன்னலுக்கு வெளியே நின்று, செடியே இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான்.

ஆண்டுகள் ஓடின. இருப்புக் கொள்ளாதவன் இன்னும் மோசமானான். சரியாக இருக்கிற கூரையைப் பிரித்து மறுபடி போட்டான். என் வீட்டு வேலியைக் கேட்காமலே நேராக்கினான். ஒரு வேலை முடிகிற மாதிரி இருந்தால் பயந்து அடுத்ததைப் பிரிப்பான்.

பிறகு டொரானாவின் என்ஜின் போனது. மூன்டா சாலையில், கிளப் ஆட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, உள்ளிருக்கும் கனெக்டிங் ராடு என்ஜின் பிளாக்கையே பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. எண்ணெய் வழி நெடுக. கயிறு கட்டித்தான் வீட்டுக்கு வந்தது. கிளப் தலைவர் ரெக்ஸ் லாம்ஷெட் அங்கேயே வாக்குக் கொடுத்தார், தன் கொட்டகையில் ஒரு ஹோல்டன் வி-எட்டு சும்மா கிடக்கிறது, ஓசியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று. வேறு யாராக இருந்தாலும் அடுத்த நாளே போய்த் தூக்கி வந்திருப்பார்கள்.

லின்சே போகவில்லை. என் வாசலுக்கும் அவன் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அப்புறம் ஒரு காலை என் அடுக்களைக்கு வந்தான். நான் பேக்கரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“கொட்டகையில அது இன்னும் கிடக்கா?”

“எது?”

“அதான். அது.” அந்தப் பெயரை அவன் வாயால் சொல்ல வரவில்லை.

“கிடக்கு. எதுக்கு?”

“அந்த என்ஜினை எடுத்து டொரானாவுல வைக்கப் போறேன்.”

என் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. கொக்குக்குத் தமாஷ், தவளைக்குப் பிராண சங்கடம் என்கிற மாதிரி இதுவும் ஏதோ கிளப் தமாஷ் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். தமாஷ் இல்லை.

“டொரானாவுல ஃபோர்டு என்ஜினா? நீயா?”

“நான்தான்.”

“லின்சே, ஒரு போனைப் போட்டு மன்னிச்சுடுடான்னு சொல்றதுக்கு இவ்வளவு சுத்தா? ரெண்டு வார்த்தை. முடிஞ்சுது.”

“வார்த்தைதான் என்னைக் கெடுத்துது, க்ளெனிஸ். நான் வாயைத் திறந்தா ஜோக்குதான் வருது. எத்தனையோ வாட்டி போனைக் கையில எடுத்துட்டேன். அவன் ஹலோன்னதும் நான் என்ன உளறுவேன்னு எனக்கே பயமா இருக்கு. இதை நான் கையால செஞ்சுதான் சொல்ல முடியும்.”

சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திருகினான். அது சொட்டவே இல்லை. ஆனாலும் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வண்டி கிம்முடையது, அவன் சொல்லாமல் ஒரு திருகாணிகூடத் தரமாட்டேன் என்றேன். நானே போன் போட்டேன். லின்சே மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

“அத்தை, அதைத் தூக்கிக் குப்பையில போடுன்னு எத்தனை வாட்டி சொல்றது?” என்றான் கிம்.

“ஒருத்தருக்கு என்ஜின் மட்டும் வேணுமாம்.”

“யாருக்கு?”

“ஒரு பைத்தியக்காரனுக்கு.”

“அப்ப குடுத்துடு. பைத்தியத்துக்கு ஏத்த என்ஜின்தான் அது.”

போனை வைத்ததும் லின்சே கேட்டான். “இளைச்சிருப்பானோ? குரல் ஒரு மாதிரி இருந்துதே.”

“நீயே கேட்டிருக்கலாமே” என்றேன். அதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஒரு கட்சிக்காரன் சட்டை இன்னொரு கட்சிக்காரனுக்குப் பொருந்துமா? எதுவும் பொருந்தவில்லை. என்ஜினை இறக்கிப் பார்த்தால் அடியிலுள்ள ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் போய் இடித்தது. சம்ப்பை வெட்டி ஒட்டினான். என்ஜினைத் தாங்கும் பழைய மவுண்டுகள் ஒத்துவராமல் புதிதாக இரும்பு வெட்டிப் பற்றவைத்தான். கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டி வந்தது, அதற்காக வண்டியின் அடித்தளத்தையே இடித்து அகலமாக்கினான். வயரிங் இருக்கிறதே, சிக்குப்பிடித்த நூல்கண்டு. கிம் இருந்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் பிரித்திருப்பான். லின்சே அதைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலை ஆட்டியபடி வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தான். எல்லாம் முடிந்து பானெட்டை இறக்கினால் அது மூடவில்லை. பாரா உயரமான என்ஜின். நாள் தவறாமல் மெழுகு போட்டுத் துடைத்த அந்த மஞ்சள் பானெட்டை நடுவில் அவனே வெட்டினான். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டான் என்று மார்லீன் சொன்னாள். வெட்டின இடத்தில் ஒரு மேடு வைத்துப் பற்றவைத்தான். வண்டிக்கு நெற்றி புடைத்த மாதிரி இருந்தது.

ரெக்ஸ் சேதி கேட்டு வந்தார். வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் நிற்பதுபோல.

“லின்சே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“என் வி-எட்டு சும்மாதானே கிடக்கு. இந்தச் சனியனை இறக்கி வைடா. உங்கப்பா உயிரோட இருந்தா என்ன சொல்லுவார்?”

“எங்கப்பா மோரிஸ் கார் ஓட்டினவர், ரெக்ஸ். உளறாத” என்றேன் நான். “ரெண்டு கம்பெனிக்காரனும் இங்க ஃபேக்டரியை இழுத்துச் சாத்திட்டுப் போயாச்சு. நீங்க இன்னும் கொடி பிடிக்கிறீங்க.”

“உனக்கென்ன தெரியும், டொயோட்டாக்காரி” என்றார். பிறகு லின்சேயிடம் மெதுவாகச் சொன்னார். “கிளப்புல உனக்காக என்னால பேச முடியாது. புரியுதில்ல?”

லின்சேக்குப் புரிந்தது. சவர பிளேடை எடுத்துவந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த கிளப் ஸ்டிக்கரை அவனே சுரண்டினான். முப்பது வருஷத்து ஸ்டிக்கர். பொடிப்பொடியாகத்தான் வந்தது. ரெக்ஸ் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது தெருவே வெளியே வந்துவிட்டது. வி-எட்டின் உறுமல் இல்லை. ஒரு வழுவழுப்பான இரைச்சல், அதற்கு மேல் டர்போவின் விசில். காது உள்ளவன் எவனும் ஏமாறமாட்டான். எதிர்வீட்டுக் கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, “லின்சே, உன் பூனை உள்ள மாட்டிக்கிச்சு!” என்று கத்தினார். லின்சே பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

பிரேக்கையும் பெரிதாக மாற்றி, இஞ்ஜினியரிடம் சான்று வாங்கி, அடிலெய்டுக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோனான். சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சைலன்சரை மாற்றிக்கொண்டு மறுபடி போனான். கையெழுத்தாகி வந்த அன்று நானும் மார்லீனும் கேட்டருகே காத்திருந்தோம். வண்டி வந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, லின்சே பலகையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன பார்க்குற? உள்ள கொண்டு வா” என்றாள் மார்லீன்.

“ஃபோர்டு” என்றான்.

பின்னுக்கு எடுத்துத் தெருவோரமாக நிறுத்தினான். கிம்மின் வண்டி நின்ற அதே இடம்.

பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். பலகையைக் கழற்றி எறிந்தால் தீர்ந்தது. கழற்றமாட்டேன் என்றான். “அவன் வண்டி உள்ள வராத இடத்துல என் வண்டி மட்டும் எப்படி வரும்?” வெயிலிலும் தூசியிலும் டொரானா தெருவிலேயே நின்றது. மஞ்சள் மங்கிற்று. கிம்முக்குச் சொல்கிறேன் என்றால் அதற்கும் தடை. “நீ சொல்லி அவன் வந்தா உனக்காக வந்த மாதிரி. அவனா வரட்டும்.” அவன் வராமலே போனால்? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெற்ற மனம் பித்து என்பது பெண்களைப் பற்றி மட்டும் சொன்னதில்லை போலிருக்கிறது.

மறுபடி அறுவடை. லாரிகள் ஆரம்பித்தன. முனையில் ஒரு லாரி கியர் குறைக்கிற சத்தம் கேட்டால் போதும், லின்சே சாப்பாட்டை விட்டு, சவரத்தை விட்டு, எங்கிருந்தாலும் தெருவுக்கு ஓடுவான். டிரெய்லர் கடந்து போகும்வரை வண்டியின் வாலருகே நிற்பான். திரும்பி வந்து உட்காருவான். அடுத்தது வரும். ஒருநாள் மூச்சிரைக்க என்னிடம் சொன்னான், “கிம் பயலும் தினம் இப்படித்தான் வீட்டுக்குள்ள காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான், இல்ல? நான் எதிர்லயே உட்கார்ந்து கறி வச்ச பாஸ்டி தின்னுட்டு இருந்திருக்கேன்.”

மார்லீனின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கிம் வருவதாகச் சொன்னான். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். தங்கல் என் வீட்டில். அப்பா ஏதாவது சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவான். இதைக் கேட்டதிலிருந்து லின்சே நடந்து நடந்தே புல்வெளியில் தடம் போட்டுவிட்டான்.

அன்று பாலைவனத்திலிருந்து வீசும் வடகாற்று, அனல். கிம் வாடகைக் காரில் வந்து என் வாசலில் இறங்கினான். தாடி, அகன்ற தோள், அப்பனின் அதே நடை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

“டொரானா ஏன் தெருவுல நிக்குது? விக்கப் போறாரா?”

“போய்க் கேளு.”

அதற்குள் முனையில் லாரிச் சத்தம். பக்கத்து வீட்டிலிருந்து லின்சே பாய்ந்து வந்தான். ஒரு காலில்தான் செருப்பு. பிறந்தநாளுக்குப் போட்ட நல்ல சட்டையில் பாதிப் பொத்தான் போடவில்லை. வண்டியின் பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்து, தள்ளிப் போ தள்ளிப் போ என்று வீசினான். டிரைவர் தலையை நீட்டி, “தெரியும் லின்சே, தெரியும்!” என்று கத்திவிட்டுப் போனான். தூசி அடங்கும்வரை லின்சே அங்கேயே நின்றான்.

“தினமும் இதானா?” என்றான் கிம்.

“ஒரு லாரி விடாம.”

“உள்ள விட்டா தீர்ந்துது.”

“உள்ள விடக்கூடாதாம். சட்டம் இருக்கில்ல.”

“டொரானாவுக்கு என்ன சட்டம்?”

அவன் தெருவுக்கு இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன்; போகாமல் இருக்க நான் என்ன துறவியா?

அப்பனும் பிள்ளையும் வண்டிக்கு இருபுறமும் நின்றார்கள். கிம் பானெட்டின் மேட்டைப் பார்த்தான். அதன்மேல் கையை வைத்தான். பிறகு தாழை விடுவித்துத் தூக்கினான். நீல மூடி. அதில் அந்தப் பிரஷ் முடி. கிம் அதை விரலால் தடவினான், வெகுநேரம்.

“இது என்னுது.”

“ஆமா.”

“அந்தப் பைத்தியக்காரன் நீதானா?”

“ஆமா.”

“கிளப்புல விட்டு வச்சாங்களா?”

“ஸ்டிக்கரைச் சுரண்டியாச்சு.”

லின்சேயின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. வாயைத் திறந்தான். ஐயோ, இப்போது ஜோக் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“கிம். அன்னிக்கு நான் ஒண்ணு குறைஞ்சதுன்னு சொன்னேன்ல.” நிறுத்தினான். “அன்னியிலேர்ந்து இந்த வீட்டுல குறைஞ்சுதான் கிடக்குடா.”

கிம் பானெட்டை மூடினான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கையை நீட்டினான்.

“சாவி.”

வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. கேட்டுவரை ஊர்ந்து போய் நின்றது. பழக்கதோஷம், லின்சே குறுக்கே நின்றுகொண்டிருந்தான்.

“ஃபோர்டுடா அது” என்றான். குரல் உடைந்திருந்தது.

“தெரியும். வழியை விடுப்பா.”

லின்சே கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தான்.

பலகையை மார்லீனே கழற்றிப் பார்பிக்யூ அடுப்பில் வைத்தாள். பழைய பெயின்ட், சாசேஜ் முழுக்க அந்த நாற்றம். முகம் சுளிக்காமல் தின்றோம். நடுவில் முனையில் லாரிச் சத்தம் கேட்டு லின்சே பாதி எழுந்தான். “உக்காருப்பா” என்றான் கிம். உட்கார்ந்தான். முழங்கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நான் கோப்பைகளை எடுக்கப் போனபோது லின்சேயுடையதில் ஒரு சொட்டுத் தேநீர் இல்லை.